சௌந்திரத்துக்குக் கோபம் வந்த கதை

சௌந்திரத்துக்குக் கோபம் வரும் என்பது அவளுடைய முப்பத்திரண்டாவது வயது வரை யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. எருமப்பட்டிக்குக் கிழக்கே மயில்சாமியின் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து, மாமியார் நல்லம்மாள் குழம்பில் புளி தூக்கல் என்றால் "சரிங்க அத்தை" என்பாள். நாத்தனார் சென்னியம்மாள் கேட்காமலே அவளுடைய புதுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பினால் "உனக்கு எடுப்பா இருக்குது அம்மிணி" என்பாள். சுற்றுவட்டாரத்து மாமியார்கள் தங்கள் மருமகள்களைத் திட்டும்போது சௌந்திரத்தைக் காட்டித்தான் திட்டினார்கள்.

மயில்சாமி கெட்டவன் அல்ல. கடலை போட்டும் சோளம் போட்டும் மழையிடம் ஏமாந்து சலித்துப்போய், எழுபத்தாறாம் வருடம் கோழிப்பண்ணை வைத்தான். நாமக்கல் பக்கம் அப்போதுதான் தோட்டத்துக்குத் தோட்டம் கொட்டகை எழும்பிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கோழி வளர்ப்பு நன்றாகக் கைவந்தது. காலையிலும் மாலையிலும் கொட்டகைக்குள் போய்ப் பேசாமல் நிற்பான். எது ஒதுங்கி நிற்கிறது, எது தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது, எது தீனியைக் கிளறிவிட்டுத் தின்னாமல் போகிறது என்று பார்ப்பான். ஒன்று சோர்ந்தால் போதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு நாமக்கல்லுக்குப் பறந்து கால்நடை டாக்டர் அப்புசாமியின் வீட்டுக் கதவைத் தட்டுவான்.

எழுபத்தெட்டு ஐப்பசியில் சௌந்திரம் சோர்ந்தாள்.

காரணம் என்று ஒன்றும் இல்லை. அதுதான் எல்லோருக்கும் பொறுக்கவில்லை. கடன் இல்லை, சண்டை இல்லை, பிள்ளைகள் இரண்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. ஆனால் விடிவதற்கு வெகுநேரம் முன்பே அவளுக்கு முழிப்பு வந்துவிடும். நனைந்த சாக்கு மூட்டையை நெஞ்சின்மேல் ஏற்றி வைத்தாற்போல் இருக்கும். எழுந்து பல் விளக்க வேண்டும் என்று நினைப்பாள், கை வராது. அரிசி களைய உட்கார்ந்தால் தண்ணீரில் கையை வைத்தபடி அப்படியே இருப்பாள். மூத்தவள் வசந்தாமணி பள்ளிக்கூடம் போகத் தலை பின்னிவிடச் சொல்லிச் சீப்பை நீட்டினால், சீப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு வாயில் மண்ணாகச் சுற்றியது. பிறகு சோற்று வட்டலில் கை வைப்பதையே விட்டுவிட்டாள்.

"உனக்கு என்ன அம்மிணி குறை?" என்று நல்லம்மாள் கேட்டாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கேட்டார்கள். பார்க்க வந்த அண்ணன் மருதாசலம் கேட்டார். "மாடு கன்னு, தோட்டம் தொறவு, தங்கமான புருசன். இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?" கேள்வி ஒவ்வொன்றும் அவளைக் குற்றவாளி ஆக்கியது. குறை எதுவும் இல்லாதவள் இப்படி உட்கார்ந்திருந்தால் அவள் நன்றி கெட்டவள் என்றுதானே அர்த்தம்? அவளும் அப்படித்தான் நம்பினாள்.

காத்துக்கருப்பு என்று முடிவு கட்டி, மலையடிவாரத்துக் கோயில் பூசாரி ஒருவனிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் அவள் கூந்தலைக் கொத்தாகப் பிடித்து, வேப்பங்குழையால் முதலில் அடித்தான், பிறகு பிரம்பால் அடித்தான். மிளகாய் வற்றலைத் தணலில் போட்டு அந்தப் புகையில் முகத்தை வைத்து அமுக்கினான். "போறியா, போக மாட்டியா?" என்று கத்தினான். போவதற்கு உள்ளே யாரும் இல்லை. மயில்சாமி மரத்தடியில் நின்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அழுதானே தவிர, ஓடி வந்து அந்தப் பிரம்பைப் பிடுங்கவில்லை. அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

தை மாதம் கோழிகளுக்குத் தடுப்பூசி போட வந்த அப்புசாமி டாக்டர்தான் அவளைப் பார்த்தார். கொட்டகைச் சுவரோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். நிழல் நகர்ந்து வெயில் மேலே விழுந்தும் நகராமல் இருந்தாள். முதுகில் பிரம்புத் தடம். டாக்டர் ஊசிக்குழாயைக் கீழே வைத்துவிட்டு மயில்சாமியைத் தனியே கூப்பிட்டார்.

"எத்தன நாளா சாப்பிடறதில்ல?"

"அது ஆச்சுங்க... தீவாளிக்கு முன்னாலருந்தே."

டாக்டர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சேலத்துல கைலாசம்னு ஒரு மனநல டாக்டர் இருக்கார். என்ற தம்பி அவருகிட்டத்தான் பாக்கறான். இன்னைக்கு வாத்தியார் வேலை பாத்துட்டு நல்லா இருக்கறான். நான் சொன்னேன்னு வெளிய சொல்லிப்போடாதீங்க."

படித்த மனுசர், ஊருக்கே மருந்து சொல்கிறவர். தம்பிக்குக் குணமானதைத் திருட்டுச் சாமான் விற்கிற மாதிரி காதோடு சொன்னார்.

சேலத்து டாக்டர் கைலாசம் வயசாளி. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, சௌந்திரத்துக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். என்ன குறை என்று அவர் கேட்கவில்லை. "விடியறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துருதாம்மா? காலைல ரொம்பப் பாரமா இருந்து, பொழுது சாயச் சாயக் கொஞ்சம் இறங்குதா? சாப்பாட்டுல ருசி தெரியுதா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தன் வீட்டுக்குள் ஒளிந்திருந்து பார்த்தவர் மாதிரி இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள்.

"இருந்து என்ன பண்ணப் போறோம்னு தோணுதா?"

சௌந்திரம் ஆமென்று தலையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்த மயில்சாமி நாற்காலியோடு அதிர்ந்தான்.

"இதுவும் ஒரு நோவுதாம்மா. சக்கரை, பிரஷர் மாதிரி. மருந்து இருக்கு. கேக்கறதுக்கு மூணு நாலு வாரம் ஆகும். விடாம சாப்பிடணும்." டாக்டர் மயில்சாமியின் பக்கம் திரும்பினார். "நல்லாயிட்டாங்கன்னு தோணினாலும் நான் சொல்றவரைக்கும் நிறுத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

மாசியின் கடைசியில் ஒருநாள் மத்தியானம், கொள்ளுப்பருப்பு கடைந்து ஊற்றிய சோற்றில் ஒரு வாய் எடுத்துவிட்டு சௌந்திரம், "உப்புக் கம்மியாட்ட இருக்குது" என்றாள். நல்லம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சாமி மாடத்துக்கு ஓடினாள். அதன் பிறகு சௌந்திரம் மளமளவென்று தேறினாள். வசந்தாமணிக்குத் தலை பின்னினாள். முட்டை எண்ணி அட்டையில் அடுக்கினாள். ஊரார் கேட்டபோது, சேலத்தில் வயிற்றுவலிக்கு வைத்தியம் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள். மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை அடுக்களைப் பலகையில் எல்லோரும் பார்க்க இருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதை எடுத்துக் காட்டுவாள். சௌந்திரத்தின் மாத்திரை மட்டும் கோழி மருந்து வைக்கிற அறையில், தீனிச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் இருந்தது. அவள் அங்கே போய்த் தின்றுவிட்டு வருவாள். அப்போது அது அவளுக்குத் தப்பாகப் படவில்லை.

அந்த வருடக் கடைசியில் சென்னியம்மாளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் குதிர்ந்தது. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிற குடும்பம். மாப்பிள்ளை பெயர் சின்னுசாமி. வண்டியோடு ஆந்திரா பக்கம் போய் வருகிறவன். நிச்சயம் முடிந்த இரண்டாம் நாள் மயில்சாமி வந்து, "டாக்டருகிட்டக் கேட்டுட்டு வந்தேன். மாத்திரய நிறுத்திப்போடலாம்னுட்டாரு" என்றான். சௌந்திரத்துக்கு அவ்வளவு சந்தோசம். தகர டப்பாவை அவளே கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

தையில் கல்யாணம். பந்தியில் ஓடியாடிப் பரிமாறினாள். மாசியில் தூக்கம் கெட்டது. பங்குனியில் அந்த நனைந்த சாக்கு மூட்டை மறுபடியும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இந்த முறை அவளுக்கு அது இன்னது என்று தெரிந்திருந்தது. அதனால் பயம் இரண்டு மடங்காக இருந்தது. "என்னைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அவளே கேட்டாள். அவன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தான். சித்திரை பிறந்த பிறகு அவளைப் பார்க்கச் சகிக்காமல்தான் பஸ் ஏற்றினான்.

டாக்டரின் முக்காலிக்கு எதிரே உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "ஏனுங்க, நிறுத்துனா திரும்பி வரும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நானா? நான் நிறுத்தச் சொல்லவே இல்லையேம்மா. போன ஆவணிக்கு அப்புறம் உங்க வீட்டுலருந்து யாரும் இங்க வரவே இல்லை."

சௌந்திரம் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். மயில்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "அம்மாதான்... பொண்ணு குடுக்கற எடத்துல தெரிஞ்சா..." என்று இழுத்து, முடிக்காமல் விட்டுவிட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பேசத் தெம்பில்லை. ஆனால் ராசிபுரம் தாண்டும்போது, உள்ளங்கை வலிக்கிறதே என்று விரித்துப் பார்த்தாள். நகங்கள் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. மாத்திரை வேலை செய்யச் செய்ய, ஒவ்வொரு வாரமும் உடம்பில் தெம்பு ஊறியது. அந்தத் தெம்போடு சேர்ந்து கோபமும் ஊறியது. வைகாசியில் அது பிரம்பு பிடித்த பூசாரி மேல் இருந்தது. ஆனியில் மரத்தடியில் நின்று அழுதவன் மேல் வந்தது. ஆடிக்குள் ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குப் புதுமாப்பிள்ளையும் சென்னியம்மாளும் விருந்துக்கு வந்தார்கள். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். சௌந்திரம் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். சின்னுசாமி அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அக்கா ஏனுங்க இப்படி எளச்சுப்போயிட்டாங்க?" என்று மரியாதைக்குக் கேட்டான்.

"வயித்து நோவுங்க மாப்ளை. சேலத்துல பாக்கறோம்" என்றாள் நல்லம்மாள், முந்திக்கொண்டு.

சௌந்திரம் ரசச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"வயித்து நோவு இல்லீங்க" என்றாள். "மனசு நோவு. ரெண்டு வருசமா இருக்குது. மாத்திரை சாப்பிட்டு நல்லா இருந்தேன். உங்க காதுக்கு வந்துரக் கூடாதுன்னு அந்த மாத்திரய நிறுத்துனாங்க. டாக்டர் சொன்னாருன்னு எங்கிட்டப் பொய் சொன்னாங்க. பங்குனியில நான் கெணத்து மேட்டுல போயி நின்னனுங்க. ஒரு நாள் இல்ல, பல நாளு. இவிங்க ஒருத்தருக்கும் தெரியாது."

"சௌந்திரம்!" என்றான் மயில்சாமி.

"என்னங்க சௌந்திரம்?" அவள் குரல் கொட்டகைவரை கேட்டது. வேலையாட்கள் அப்படியே நின்றார்கள். "ரெண்டாயிரம் கோழி வச்சிருக்கறீங்க. ஒண்ணு தீனி எடுக்கலீன்னா டாக்டர் ஊட்டுக் கதவத் தட்டறீங்க. தண்ணியில மருந்து கலக்கறதுக்கு ஒரு வேள தவறுனதில்ல. நான் சோறு திங்காம மாசக்கணக்கா உக்காந்திருந்தேன். என்ன எங்க கூட்டிட்டுப் போனீங்க? அடிக்கறதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க! உங்க கோழிய எவனாவது பிரம்புல அடிச்சா உட்டுருவீங்களா?"

நல்லம்மாள் எழுந்தாள். "மாப்ளை முன்னால என்ன பேச்சு அம்மிணி இது? மானம் போகுது."

"உங்க மாத்திரை பலகை மேல இருக்குதுங்க அத்தை. உங்களுக்குப் பிரஷர்னு ஊரே விசாரிக்குது. அதுல போகாத மானம் என்ற மாத்திரையில மட்டும் எப்படிப் போகும்? நான் திருடியா? எவங்கூடவாவது ஓடிப்போனனா? எனக்கு நோவு. அவ்வளவுதான், நோவு!"

அவள் கோழி மருந்து அறைக்குப் போய்த் தகர டப்பாவை எடுத்து வந்து, அடுக்களைப் பலகையில் மாமியாரின் மாத்திரைக்குப் பக்கத்தில் ஓசை கேட்க வைத்தாள். இலை முன்னால் இருந்தவர்கள் யாரும் சோற்றைத் தொடவில்லை. கல்யாணமே முறிந்துபோகும் என்று நல்லம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னுசாமிதான் முதலில் பேசினான். இலையைப் பார்த்தபடி பேசினான்.

"எங்க ஊட்டுலயும் ஒருத்தர் இருக்காங்கக்கா. எங்கப்பாவோட தங்கச்சி. குப்பாயின்னு பேரு. புருசன் ஊட்டுலருந்து கொண்டாந்து உட்டுட்டுப் போயிட்டாங்க. மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால ஒரு அறையில இருக்காங்க. வெளியில பூட்டிருக்கும். எனக்கு மீசை மொளைக்கறதுக்கு முன்னாலருந்து பூட்டியேதான் இருக்குது."

சென்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரியும். தாய்வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று அங்கே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

இந்த வீடு அந்த வீட்டுக்குப் பயந்து ஒளித்தது. அந்த வீடு இந்த வீட்டுக்குப் பயந்து ஒளித்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு நல்ல சம்பந்தம் முடித்துவிட்டதாகப் பந்தி போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். சௌந்திரத்துக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது. சிரிப்பு வரவில்லை. "எந்திரிங்க மாப்ளை" என்றாள். "நானும் வாரேன். எனக்கு அவங்களப் பாக்கோணும்."

மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள். மயில்சாமியும் கூட வந்தான். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

சின்னுசாமியின் அப்பா ராசப்பன் ஆஜானுபாகு. ஊரில் நாலு பேருக்கு வழக்குத் தீர்த்து வைக்கிறவர். சௌந்திரம் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் மகனைத்தான் முறைத்தார். பிறகு, "அம்மிணி, நீங்க சம்பந்தியூட்டுப் பொண்ணு. காப்பி குடிச்சுட்டுக் கௌம்புங்க" என்றார்.

"அறைய ஒருக்காத் தொறங்க மாமா. பாத்துட்டுப் போயிடறேன்."

"எதுக்கு? வேடிக்கை பாக்கறதுக்கா?"

"நானும் அந்த அறைக்குள்ள போக வேண்டியவதானுங்க. உங்க தங்கச்சியாப் பொறந்திருந்தா எனக்கும் அந்தப் பூட்டுத்தான். அதுக்குத்தான் கேக்கறேன்."

ராசப்பனின் முகம் கறுத்தது. "பூட்டு, பூட்டுன்னு சுலுவாச் சொல்றீங்களே. பூட்டலீன்னா என்ன ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஒட்டுத்துணி இல்லாம ரோட்டுல ஓடுனா. சந்தைக்குப் போற ஆம்பளைங்க வண்டிய நிறுத்திச் சிரிச்சாங்க. லாரியில அடிபட இருந்தவள நாந்தான் இழுத்துட்டு வந்தேன், என்ற வேட்டியப் போத்தி. போகாத கோயிலில்ல. அன்னைக்குப் பூட்டுனது. இன்னைக்குவரைக்கும் அவளுக்குச் சோறு நாந்தான் கொண்டுபோயி வைக்கறேன், வேற ஆளு வச்சதில்ல." அவர் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க இன்னும் உரக்கக் கத்தினார். "என்னப் பாத்துக் கேக்க வந்துட்டீங்க!"

அவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் சௌந்திரத்துக்குக் கோபம் இறங்கவில்லை. "லாரியிலருந்து காப்பாத்துனீங்க, சரிங்க. அதுக்கப்பறம் இத்தன வருசம்? சேலத்துக்குப் பஸ்ஸே ஓடலீங்களா?"

அவர் எழுந்து போய்விட்டார். அவள் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். காப்பி ஆறிப்போயிற்று. வெயில் ஏறியது. சென்னியம்மாள் வந்து, "அண்ணி, என்ற பொழப்பக் கெடுத்துப்போடாதீங்க" என்று காதில் அழுதாள். சௌந்திரம் அசையவில்லை. கடைசியில் சின்னுசாமி உள்ளே போய், அப்பாவின் தலைமாட்டில் தொங்கிய சாவியை அவர் கண் எதிரிலேயே எடுத்து வந்தான். பெரியவர் தடுக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

கதவு திறந்ததும் முதலில் நாற்றம் வந்தது. பிறகு, மூலையில் ஒரு உருவம் கையால் கண்ணை மறைத்தது. சடைபிடித்த தலை. விரல் நீளத்துக்கு வளர்ந்து வளைந்த நகங்கள். ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று. "கதவச் சாத்துடா, கண்ணு கூசுது" என்று அது தெளிவாகச் சொன்னது. பேசத் தெரியும். எல்லாம் தெரியும். இத்தனை வருடம் பேச்சுத் தெரிந்த ஒரு மனுசி அந்த இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

வாசலுக்கு வந்து சௌந்திரம் வாந்தி எடுத்தாள். மயில்சாமி தண்ணீர் மொண்டுவந்து நீட்டினான். வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு, "ஒரு காரு புடிச்சுட்டு வாங்க" என்றாள். அவன் திருச்செங்கோட்டுக்கு ஓடினான். அந்த ஓட்டத்தில்தான் அவன் மீது அவளுக்கு இருந்த கோபம் கொஞ்சம், கொஞ்சம்தான், குறைந்தது.

டாக்டர் கைலாசம் குப்பாயியை வெகுநேரம் பார்த்தார். மாதம் ஒரு ஊசி, தினசரி மாத்திரை என்று எழுதினார். "பாதியாவது தேறுவாங்க. ஆரம்பத்துலயே வந்திருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சௌந்திரம் பல வருடங்கள் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பற்களைக் கடித்தாள்.

குப்பாயி பாதி தேறினாள். தலையை மழித்து, நகம் வெட்டி, குளிப்பாட்டிய பிறகு பார்த்தால் ராசப்பனின் முகமேதான். தானே சோறு பிசைந்து உண்டாள். ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். அறைக்குள் மட்டும் படுக்க மாட்டாள். மழை கொட்டினாலும் கட்டுத்தரையில் மாடுகளோடுதான். சில நாள் யாரோடோ பேசிக்கொண்டிருப்பாள். தெளிவாக இருக்கிற நாளில் தேர்ந்தெடுத்த கெட்ட வார்த்தைகளால் அண்ணனைத் திட்டுவாள். ராசப்பன் வாய் பேசாமல் கேட்டுக்கொள்வார். மாதா மாதம் ஊசிக்கு சௌந்திரம்தான் கூட்டிப்போனாள்; இருவருக்கும் ஒரே டாக்டர், ஒரே நாள். பஸ்ஸில் யாராவது குப்பாயியைப் பார்த்து நகர்ந்து உட்கார்ந்தால் சௌந்திரத்தின் வாய்க்கு அகப்பட்டார்கள். "ஏனுங்க, காச்சக்காரி பக்கத்துல உக்கார மாட்டீங்களா? காச்சலாவது ஒட்டும், இது ஒட்டாது. உக்காருங்க."

ஊரில் அவளுக்கு மாத்திரைக்காரி என்று பேர் விழுந்தது. அதே ஊர்க்காரிகள் ஒவ்வொருத்தியாக வரவும் செய்தார்கள். மகளுக்குத் தூக்கம் இல்லை, மருமகள் பிள்ளை பெற்றதிலிருந்து பேசுவதில்லை, புருசன் எதற்கெடுத்தாலும் அழுகிறான். கொல்லைப்புறமாக வந்து கிசுகிசுத்தவர்களை அவள் அப்படியே திருப்பி அனுப்பினாள். "முன்னால வந்து சத்தமாச் சொல்லு. பல்லு நோவுதுன்னா இப்படித்தான் வருவியா?" சிலர் வந்தார்கள். பலர் கோபித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருத்தியைப் பிறகு கிணற்றிலிருந்துதான் எடுத்தார்கள். அதன் பிறகு கொல்லைப்புறமாக வந்தவர்களையும் உட்காரவைத்துக் கேட்டாள், கேட்டுவிட்டுத்தான் திட்டினாள்.

வசந்தாமணிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அந்தப் பேர் முன்னால் வந்து நின்றது. பெண் பார்க்க வந்த முதல் இடம், தாயாருக்கு என்ன நோவு என்று சுற்றி வளைத்துக் கேட்டது. சௌந்திரம் வாயைத் திறப்பதற்குள் மயில்சாமி, "மனசுக்கு மாத்திரை சாப்பிடறாங்க. நான் ஒருக்கா நிறுத்திக் கெடுத்தேன். இனி அவங்களே கேட்டாலும் நிறுத்த மாட்டேன்" என்றான். வந்தவர்கள் பலகாரத்தைத் தொடாமல் போனார்கள். அடுத்த இடமும் அப்படியே. வசந்தாமணி கதவை அறைந்து சாத்தினாள். "உங்க கோவத்துக்கு என்ற வாழ்க்கைதான் கெடச்சுதாம்மா? ஒரு நாளைக்கு வாய மூடிட்டு இருந்தா என்ன?" சௌந்திரத்துக்கு மகளின் மேல் கோபம் வரவில்லை, அடிபட்ட மாதிரிதான் இருந்தது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. "ஒளிச்சுக் கட்டிக்குடுத்தா நாளைக்கு உனக்குன்னு ஒண்ணு வந்தா உன்னையும் ஒளிப்பாங்க சாமி" என்றாள். மகள் கேட்கிற நிலையில் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. பள்ளிபாளையத்தில் மில் வேலையில் இருந்த ஒருவன் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கட்டிக்கொண்டான். இப்போதும் தாயும் மகளும் பேசினால் நாலாவது வார்த்தையில் சண்டைதான்.

எண்பத்தேழு கார்த்திகையில் குப்பாயி செத்துப்போனாள். சாதாரணக் காய்ச்சல், மூன்றாம் நாள் மூச்சு நின்றது. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத உறவெல்லாம் வந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. "மகராசி, கஷ்டம் தீந்துச்சு" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "தீந்துது உங்க கஷ்டமுங்க. அவ நல்லாத்தான் இருந்தா. வாய மூடிட்டு அழுங்க" என்றாள் சௌந்திரம். ஒப்பாரி சட்டென்று நின்று, கொஞ்சம் பொறுத்து வேறு இடத்திலிருந்து தொடங்கியது.

ராசப்பன் பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றிப் பாதியாகியிருந்தது. சௌந்திரத்தைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அம்மிணி, அவளப் பூட்டி வச்சது... நான் பண்ணுனது தப்புங்களா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெரிய மனுசர், தங்கையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மயில்சாமி கண்ணாலேயே கெஞ்சினான்.

"ஆமாங்க மாமா" என்றாள் சௌந்திரம்.

அவர் மெல்லத் தலையை ஆட்டினார். சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விடவில்லை. காலையிலிருந்து பெரியவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை என்று தெரிந்ததும், சென்னியம்மாளைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொன்னாள். ஆற்றி அவர் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது.